மாட்டை லாரியில் ஏற்றினால் தீராது

பெங்களூரில் சாலையில் மாடு குறுக்கே வந்தால் எல்லோரிடமும் ஒரே பதில் தயாராக இருக்கிறது. பிடித்து லாரியில் ஏற்று, கோசாலைக்கு அனுப்பு, மாட்டுக்காரன் தேடிக்கொண்டு வந்தால், இனிமேல் மாடே வளர்க்க மாட்டேன் என்று அவன் சொல்லும் அளவுக்கு அபராதம் போடு. குடியிருப்போர் சங்கங்கள் இதைத்தான் கேட்கின்றன, கவுன்சிலராக ஆசைப்படுகிறவர்கள் இதைத்தான் வாக்குறுதியாகத் தருகிறார்கள். 2025 நவம்பர் 7ஆம் தேதி, தெருநாய் வழக்கில், உச்ச நீதிமன்றமும் நெடுஞ்சாலைகளிலும் விரைவுச் சாலைகளிலும் திரியும் மாடுகளை அப்புறப்படுத்திக் காப்பிடங்களில் சேர்க்கச் சொல்லிவிட்டது. அதன் பிறகு இந்தக் குரல் இன்னும் உரத்து ஒலிக்கிறது.

நெடுஞ்சாலையைப் பற்றி எனக்கு வாதம் இல்லை. வண்டிகள் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் இடத்தில் மாடு நிற்கக் கூடாது. ஆனால் அதே மருந்தை சிவாஜிநகருக்கும் அல்சூருக்கும் சாம்ராஜ்பேட்டைக்கும் கொடுப்பது தவறு. தவறு என்பதைவிட, அநியாயம். மாட்டை வீதிக்குத் துரத்தியவர்கள் யாரோ, அவர்களே வீதியில் நிற்பதற்காக அதைத் தண்டிக்கிறார்கள்.

ரஸ்ஸல் மார்க்கெட்டின் பின்புறம் காய்கறிக் கழிவு கொட்டும் இடத்தில் நிற்கிற ஒரு மாட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள். காதில் மஞ்சள் வில்லை இருக்கும். அதில் 12 இலக்க எண் இருக்கும். கோமாரித் தடுப்பூசித் திட்டத்தில் அரசு கால்நடைத் துறை மாட்டிவிட்ட வில்லை அது. கழுத்தில் கயிறு உரசிய தழும்பு தெரியும். காலையில் கறந்த மடி பிற்பகலுக்குள் மறுபடியும் கனத்துவிடும். மூன்று மணி தாண்டியதும், யாரும் வந்து ஓட்டாமலேயே, காலிஃபிளவர் தழையை விட்டுவிட்டு அது நடக்கத் தொடங்கும். ஆட்டோவுக்கு ஒதுங்கி, சிக்னலில் நின்று, இரண்டு திருப்பம் திரும்பி ஒரு சந்துக்குள் நுழையும். அங்கே தவிட்டுத் தண்ணீர் கலந்து வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருப்பார். அரைமணி நேரத்தில் அந்தப் பால் பக்கத்துத் தெருக்களின் சமையலறைகளுக்குப் போய்விடும்.

இந்த மாட்டுக்கு உடையவர் உண்டு, வேலை உண்டு, அரசுப் பதிவேட்டில் எண்ணும் உண்டு. அதற்கு இல்லாதது இரண்டுதான்: மேய ஒரு நிலம், நிற்க ஓர் இடம். அந்த இரண்டும் அதனிடம் இருந்தவை. அவற்றை எடுத்துக்கொண்டது இந்த ஊர்.

எப்படி என்று கேட்டால் கணக்கே இருக்கிறது. கர்நாடக நில வருவாய் விதிகள் 1966இல் வந்தவை. ஒவ்வொரு கிராமத்திலும் 100 மாட்டுக்கு 30 ஏக்கர் வீதம் மேய்ச்சலுக்கு ஒதுக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. கோமாளா என்று இங்கே சொல்வது அந்த நிலத்தைத்தான். நம் ஊர்ப் பேச்சில் மேய்ச்சல் புறம்போக்கு. இன்று பெங்களூரு என்று நாம் சொல்கிற பரப்பு நூற்றுக்கணக்கான கிராமங்களை விழுங்கி நிற்கிறது. அவற்றின் கோமாளா எங்கே? லேஅவுட் ஆனது, கல்லூரி ஆனது, அரசு அலுவலகம் ஆனது, அரசியல்வாதியின் பினாமிச் சொத்து ஆனது. ஏ.டி. ராமசாமி தலைமையிலான சட்டமன்றக் கூட்டுக்குழு 2007இல் இந்த ஆக்கிரமிப்புகளை ஊர் ஊராகப் பட்டியல் போட்டது. அதன்பின் வி. பாலசுப்பிரமணியன் தலைமையிலான சிறப்புக் குழு 2011இல் பேராசையும் உடந்தையும்தான் காரணம் என்று தலைப்பிலேயே சொல்லி ஓர் அறிக்கை கொடுத்தது. பறிபோன பொது நிலத்தில் மாட்டின் பங்கு எவ்வளவு என்று அப்போதும் பெரிதாக யாரும் கேட்கவில்லை.

ஏரிகளும் இதே கதைதான். தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் மெஜஸ்டிக் பஸ் நிலையம் நிற்கிறது. சம்பங்கி ஏரியின் மேல் கண்டீரவா ஸ்டேடியம். கோரமங்களாவில் ஏரிப் படுகையில் தேசிய விளையாட்டுக் கிராமம். கோடையில் நீர் வற்ற வற்ற ஏரி உள்வாயில் புல் முளைக்கும், மாடு மேயும், அதன் சாணம் வயலுக்குப் போகும். அப்படி வாழ்ந்த ஏரிகள் இவை. பிழைத்திருக்கும் ஏரிகளைப் புதுப்பித்துவிட்டோம் என்று பெருமை பேசுகிறோமே, அங்கே என்ன செய்தோம்? சுற்றிலும் கம்பிவேலி, நடைபாதை, திறக்கும் நேரம், மூடும் நேரம், "கால்நடைகளுக்கு அனுமதி இல்லை" என்று ஒரு பலகை. காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறவருக்கு அந்த ஏரி 20 வருட உறவு. மாட்டுக்காரரின் குடும்பத்துக்கு அது நான்கு தலைமுறை உறவு. வேலி போட்டபோது அவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சரி, நிலம் போகட்டும். வீட்டில் கட்டி வைத்துத் தீனி போடலாமே என்கிறார்கள். எந்த வீட்டில்? பெரிய குடியிருப்புப் பகுதிகளைத் திட்டமிட்டபோது பள்ளிக்கும், மருத்துவமனைக்கும், கோயிலுக்கும், மன்றத்துக்கும் சி.ஏ. சைட் என்று தனியாக நிலம் ஒதுக்கினார்கள். தொழுவத்துக்கென்று ஒதுக்கிய ஒரு சி.ஏ. சைட்டை நான் கண்டதில்லை. பழைய கிராமத்து வீடுகளில் முன்கட்டில் மனிதர்களும் பின்கட்டில் மாடுகளும் இருந்தார்கள். அந்த வீடுகள் பாகம் பிரிந்து, வாடகைக்கென்று நான்கு மாடி எழும்பி, பின்கட்டு காணாமல் போயிற்று. ஒரு கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்கு 20, 25 கிலோ பசுந்தீவனமும் ஐந்து கிலோ வைக்கோலும் வேண்டும். கேழ்வரகுத் தாள் மாகடி, கனகபுரா பக்கமிருந்து டெம்போவில் வந்து இறங்க வேண்டும். இறக்கினால் அடுக்கி வைக்க இடம் வேண்டும். பத்தடி அகலச் சந்தில் போர் போட முடியுமா?

2025 ஜனவரி 12 அன்று அதிகாலையில் சாம்ராஜ்பேட்டையில் தெருவோரம் இருந்த மூன்று பசுக்களின் மடியை ஒருவன் வெட்டினான். ஊரே கொதித்தது. கைது நடந்தது, போராட்டம் நடந்தது, அமைச்சர் ஜமீர் அகமது கான் உரியவருக்குப் புதிதாக மூன்று மாடு வாங்கிக் கொடுத்தார். அந்தக் கோபம் நியாயமானது; அந்தக் கொடூரத்தைப் படித்த எவருக்கும் வயிறு கலங்கும். ஆனால் நகரத்தின் நடுவில், பால் கறக்கிற மாடுகள் ராத்திரியைத் தெருவில் ஏன் கழிக்க வேண்டியிருக்கிறது என்ற கேள்வி அந்தக் கூச்சலில் அடிபட்டுப் போனது. புதிய மூன்று மாடும் எங்கே நிற்கும் என்பதை யாரும் விவாதமாக்கவில்லை.

இப்போது லாரிக்கு வருவோம். மாடு ஏறியபின் என்ன நடக்கும்? திரியும் மாட்டைப் பட்டியில் அடைக்கும் முறையை வெள்ளைக்காரன் 1871இல் சட்டமாக்கினான். கர்நாடகம் 1966இல் தனக்கென இயற்றிக்கொண்ட சட்டமும் அதே வார்ப்புதான். மாட்டைப் பிடித்து அடை. தீனிச் செலவையும் அபராதத்தையும் வாங்கிக்கொண்டு விடு. குறிப்பிட்ட நாளுக்குள் யாரும் வராவிட்டால் ஏலம் போடு. இதில் கடைசிப் படி முக்கியமானது. ஏலத்தில் எடுக்க ஆள் இருந்தார்கள் என்பதால்தான் பட்டி நிரம்பாமல் இருந்தது. உழவன் எடுத்தான், வண்டிக்காரன் எடுத்தான், ஒன்றுக்கும் ஆகாததைக் கசாப்புக்காரன் எடுத்தான்.

இன்று உழவுக்கு டிராக்டர். வண்டி மாடு நகரத்தில் இல்லை. மூன்றாவது வழியைக் கர்நாடகத்தின் 2020ஆம் ஆண்டுப் பசுவதைத் தடுப்புச் சட்டம் அடைத்துவிட்டது. பசுவை வெட்டுவது 1964 சட்டத்திலேயே தடுக்கப்பட்டதுதான்; ஆனால் 12 வயது கடந்த காளைக்கும் எருதுக்கும் சான்றிதழோடு அப்போது வழி இருந்தது. புதிய சட்டம் பசு, கன்று, காளை, எருது எல்லாவற்றுக்கும் எந்த வயதிலும் தடை போட்டது. 13 வயது கடந்த எருமைக்கு மட்டும் விலக்கு. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, ஒரு மாட்டுக்கு 50,000 முதல் ஐந்து லட்சம் வரை அபராதம். வண்டியில் மாடு ஏற்றுகிற வியாபாரி போலீசுக்கும் பயப்பட வேண்டும், வழிமறிக்கும் கும்பலுக்கும் பயப்பட வேண்டும். அவர் ஏன் வருவார்? கலப்பினப் பசு போடும் காளைக்கன்றுக்கு விலையே இல்லாமல் போனது. பால் வற்றிய வறட்டு மாடும் அப்படியே. தெருவில் நிற்கும் காளைக்கன்றுகளை எண்ணிப் பார்க்கிற எவருக்கும் இது புரியும். கறவை மாடு மாலையில் வீடு திரும்புகிறது. காளைக்கன்று திரும்புவதில்லை. அதை யாரும் தேடுவதும் இல்லை.

2023 ஜூனில் கால்நடை அமைச்சர் கே. வெங்கடேஷ், எருமையை வெட்டலாம் என்றால் பசுவை ஏன் கூடாது என்று கேட்டு, வயதான மாட்டை வைத்துக்கொண்டு விவசாயி படும் பாட்டைச் சொன்னார். பெரிய அமளி எழுந்தது. தடை இன்றும் அப்படியே நிற்கிறது. மாட்டை விற்க முடியாது, வெட்ட முடியாது, கட்ட இடமில்லை, தெருவிலும் விடக் கூடாது என்று நான்கு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே மாட்டிக்கொண்டவனிடம் அபராதச் சீட்டை நீட்டுவதற்கு என்ன பெயர்?

கோசாலை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2022 பட்ஜெட்டில் பசவராஜ் பொம்மை அரசு, 31 கோசாலைகளை 100 ஆக்குவோம் என்று 50 கோடி ரூபாய் அறிவித்தது. அதே ஆண்டில் புண்யகோடி தத்துத் திட்டம் வந்தது: ஒரு மாட்டை ஓராண்டுக்குத் தத்தெடுக்க 11,000 ரூபாய். நடிகர் சுதீப் அதன் விளம்பரத் தூதர். போதிய தத்து வராததால் அரசு ஊழியர் சம்பளத்திலிருந்து ஒரு முறை நன்கொடை பிடித்தார்கள். 11,000 ரூபாயை 365ஆல் வகுத்தால் நாளைக்கு முப்பது ரூபாய் வருகிறது. வைக்கோலுக்கே அது இழுத்துப் பறிக்கும். பசுந்தீவனம், மருந்து, சாணி அள்ளும் கூலி எல்லாம் எங்கிருந்து வரும்? கோசாலை நடத்துகிறவர்களில் உயிரைக் கொடுத்து உழைப்பவர்கள் உண்டு. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பசு 15, 20 வருடம் வாழும். வருடா வருடம் வந்து சேரும் மாடுகளை ஆயுள் முழுக்கக் காப்பாற்றும் பணம் எந்த உண்டியலிலும் இல்லை.

இந்தப் பாதையில் கடைசிவரை போய்ப் பார்த்த மாநிலம் உத்தரப் பிரதேசம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் தெருவில் திரிந்த மாடுகள் 50 லட்சம், அதில் 11.84 லட்சம் அந்த ஒரு மாநிலத்தில், முந்தைய கணக்கைவிட 17 சதவீதம் அதிகம். அங்கே ஆயிரக்கணக்கில் காப்பிடங்கள் திறந்தார்கள், மாட்டுக்கு நாளைக்கு முப்பது ரூபாய் கொடுத்தார்கள், 2023இல் ஐம்பது ஆக்கினார்கள். நடுவில் 2022 தேர்தல் வந்தபோது, விவசாயிகள் ராத்திரி முழுக்க வயலில் டார்ச் லைட்டோடு மாடு விரட்டிக்கொண்டிருந்தார்கள். பிரதமரே மேடையேறி, தேர்தல் முடிந்ததும் இதற்கு வழி செய்கிறேன் என்று சொல்ல நேர்ந்தது.

கடும் தண்டனையை நம்பிய மாநிலம் குஜராத். நகரத்தில் மாடு வளர்க்க உரிமம், மீறினால் சிறை என்று 2022 வசந்தத்தில் ஒரு மசோதா நிறைவேற்றினார்கள். மாடு வளர்க்கும் மால்தாரி சமூகம் எதிர்த்து நின்றது. செப்டம்பர் 21 அன்று மாநிலம் முழுக்கப் பால் விநியோகத்தை நிறுத்தினார்கள். அதே நாளில் சட்டமன்றம் அந்த மசோதாவைத் திரும்பப் பெற்றது. மாடு கட்ட இடம் கொடுக்காமல் உரிமம் கேட்டால் இதுதான் நடக்கும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நான் ஒதுக்கிவிட்டுப் போகப் போவதில்லை. இருட்டில் கறுப்பு எருமை மீது பைக் மோதிக் கீழே விழுந்தவர்களின் குடும்பத்திடம் மேய்ச்சல் நிலத்தின் வரலாற்றைச் சொல்லி ஆறுதல் படுத்த முடியாது. 2024இல் மகாலட்சுமி லேஅவுட்டில் ஒரு காளை ஸ்கூட்டரில் வந்தவரை முட்டித் தள்ளியது. எதிரே வந்த லாரியின் சக்கரம் அவர் தலைக்கு அருகே நின்றது. அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு மயிரிழையில் அவர் தப்பினார் என்று. ஆனால் அந்தக் காளையைக் கயிற்றில் பிடித்து ஒரு பெண்மணி நடத்திக்கொண்டு வந்தார். அது கட்டவிழ்ந்து திரிந்த மாடு அல்ல. லாரி வைத்துப் பிடிக்கும் திட்டம் எதுவும் அந்த மனிதரைக் காப்பாற்றியிருக்காது.

பால் எனக்கு, தீனி ஊருக்கு என்று நடக்கிற மாட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். பத்து மாடு வைத்துக்கொண்டு, வசதியும் வைத்துக்கொண்டு, கறந்து முடித்ததும் அவிழ்த்து விடுகிறவரை நான் காப்பாற்ற வரவில்லை. அவருக்கு அபராதம் போடுங்கள். காதில் வில்லை இருக்கும்போது ஆளைக் கண்டுபிடிப்பது எளிது. நான் கேட்பது, வசதி உள்ளவரையும் ஒரே ஒரு மாட்டை நம்பிக் குடும்பம் நடத்தும் விதவையையும் ஒரே லாரியில் ஏற்றாதீர்கள் என்பதுதான்.

தெருவில் நிற்பதால் மாடு படும் பாட்டைப் பேசாமல் இருக்க முடியவில்லை. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. நாக்கால் சுருட்டி இழுத்து, அதிகம் மெல்லாமல் விழுங்கிவிட்டு, பிறகுதான் அசைபோடும். ஆட்டைப்போல் உதட்டால் பொறுக்கி எடுக்க அதற்குத் தெரியாது. நீங்கள் மிச்ச சோற்றையும் குழம்பையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டு, தெருமுனைக் குப்பைமேட்டில் எறிந்துவிட்டுப் போகிறீர்கள். முடிச்சை அவிழ்க்க மாட்டுக்குக் கை இல்லை. பையோடு உள்ளே போகிறது. முதல் இரைப்பையிலிருந்து பிளாஸ்டிக் நகராது; ஒன்றோடொன்று பின்னி, கயிறும் துணியும் சேர்ந்து கல் மாதிரி இறுகும். அறுவை செய்து பார்க்கிற மருத்துவர்கள் ஒரே மாட்டிடமிருந்து 30, 40 கிலோ வரை வெளியே எடுத்திருக்கிறார்கள். ஆணியும் கம்பியும் போனால் இரைப்பையைத் துளைத்து நெஞ்சுப் பக்கம் ஏறும். புட்டபர்த்தியில் இயங்கும் கருணா சொசைட்டி 2012இல் இதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. கர்நாடகம் 2016 மார்ச்சில் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. தடை காகிதத்தில் இருக்கிறது; பை மாட்டின் வயிற்றில் இருக்கிறது. குப்பைப் பையில் முடிச்சுப் போட்டு எறிகிற வீட்டுக்காரருக்கு எவரும் லாரி அனுப்பவில்லை.

மாட்டைப்போலவே தெருவில் விடப்படும் குதிரையின் கதை வேறு. அதற்குக் கறவை இல்லை. கல்யாண ஊர்வலத்துக்கும் ஜட்காவுக்கும் ஓடி, கால் தேய்ந்தபின் கைவிடப்பட்ட குதிரையைப் பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஊட்டியில் சவாரிக் குதிரைகள் கூட்டம் இல்லாத மாதங்களில் மார்க்கெட் குப்பையைக் கிளறி நிற்பதைச் சுற்றுலா போன எல்லோரும் பார்த்திருப்பார்கள். இங்கே அபராதம் தேவை, பதிவும் தேவை. குதிரை வைத்து வருமானம் பார்க்கிறவர் அது ஓயும் வரைக்குமான பொறுப்பைத் தொடக்கத்திலேயே பணமாகக் கட்டி வைக்கச் சொல்லலாம். மாட்டுக்காரரிடம் கேட்கக் கூடாததைக் குதிரைக்காரரிடம் கேட்கலாம், ஏனென்றால் அவருடைய தொழிலை யாரும் நிலத்தைப் பிடுங்கி நசுக்கவில்லை.

மாட்டுக்கு என்ன செய்வது என்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. சென்னை மாநகராட்சி பல வருடம் அபராதத்தை ஏற்றிக்கொண்டே போனது. 2023இல் அரும்பாக்கத்தில் பள்ளி விட்டு வந்த சிறுமியை மாடு முட்டியபின் அதை 5,000 ஆக்கியது. 2024இல் முதல் முறைக்கு 10,000, மறுமுறைக்கு 15,000. அப்படியும் மாடு தெருவில் நின்றது. அதற்குப் பிறகுதான் மாட்டுக்காரர்களுக்கென்று மாநகராட்சித் தொழுவங்கள் கட்டத் தொடங்கினார்கள். ஒரு மாட்டுக்கு நாளைக்குப் பத்து ரூபாய் வாடகை. அபராதத்தை ஏற்றுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை இது.

பெங்களூருக்கு இது இன்னும் எளிது. கெம்பேகவுடர் பசவனகுடியில் நந்திக்குக் கோயில் கட்டிய கதை எல்லோருக்கும் தெரியும்: நிலக்கடலை வயலில் புகுந்து மேய்ந்த காளைக்காக எழுந்தது என்பார்கள். இன்றும் கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமையில் முதல் கடலையை அந்தக் காளைக்குப் படைத்துவிட்டுத்தான் விற்கிறார்கள். வயலை மேய்ந்த மாட்டுக்கு அந்த விவசாயிகள் வருடத்தில் ஒரு பங்கு ஒதுக்கினார்கள். அதே மனசோடு, ஏரிகளில் காண்டிராக்டர் வெட்டி லாரியில் கொண்டுபோய்க் கொட்டும் புல்லை வாரத்துக்கு இரண்டு நாள் மாட்டுக்காரரை விட்டு அறுத்துக்கொள்ளச் சொல்லலாம். சில ஏரிகளில் இது சத்தமில்லாமல் நடக்கவே செய்கிறது. கே.ஆர். மார்க்கெட்டிலும் கலாசிபாளையத்திலும் மலையாகக் குவியும் முட்டைக்கோஸ் தழையும் சோளத்தோலும் பிளாஸ்டிக்கோடு கலக்கும் முன்பே பிரிக்கப்பட்டால் எத்தனையோ தொழுவங்களுக்குத் தீனி. பெரும்பாலும் பெண் கன்றே பிறக்கும்படி பிரித்த சினை ஊசி மத்திய அரசின் கோகுல் திட்டத்தில் மானியத்தில் கிடைக்கிறது. அதை நகரத்துப் பால்காரர் வாசலுக்குக் கொண்டுபோனால் கைவிடப்படும் காளைக்கன்றுகள் குறையும். பிறந்துவிட்ட காளைக்கன்றையும் வறட்டு மாட்டையும், வெட்டத் தடை போட்ட அரசே சந்தை விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பணம் இல்லையென்றால், 1964 சட்டம் திறந்து வைத்திருந்த வழியையாவது மறுபடி திறக்க வேண்டும்.

2025 செப்டம்பர் 2 முதல் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கமிஷனர், தனி பட்ஜெட். மாடு பிடிக்கும் லாரிக்கு டெண்டர் விடுவதற்கு முன்னால் அந்த ஐந்து பேரும் தங்கள் எல்லைக்குள் சி.ஏ. சைட் எத்தனை காலியாகக் கிடக்கிறது, கோமாளா என்று வருவாய்ப் பதிவேட்டில் இன்னும் எத்தனை ஏக்கர் மீதி இருக்கிறது என்று பட்டியல் எடுத்து வெளியிடட்டும். வார்டுக்கு ஒரு தொழுவம், ஐம்பது மாடு நிற்க கூரையும் தண்ணீர்த் தொட்டியும் வைக்கோல் போட ஒரு கொட்டகையும் அதிலிருந்து கிடைக்கும். அந்தத் தொழுவத்தில் இடம் கொடுத்த பிறகும் மாட்டை அவிழ்த்து விடுகிறவர் யாரோ, அவர் வீட்டு வாசலில் போய் அபராதச் சீட்டைக் கொடுங்கள். நானே கூட வருகிறேன்.